நட்டும் றெக்கையும்

1903 நவம்பர் 5. அமெரிக்காவின் வட கரோலினாவில், கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டில் ரைட் சகோதரர்கள் தங்கள் புதிய பறக்கும் இயந்திரத்தின் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது சீராக ஓடவில்லை. விட்டுவிட்டு வெடித்து, உதறியது. அந்த உதறலில் புரொப்பெல்லர்களைத் தாங்கிய தண்டுகள் பிடிப்பை விட்டுக் கழன்று சேதமடைந்தன. அவற்றைச் சரிசெய்ய, தங்கள் ஊரான டேட்டனில் இருந்த மெக்கானிக் சார்லி டெய்லருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நவம்பர் 20 அன்று தண்டுகள் திரும்பி வந்தன. மாட்டி ஓட்டினால் இம்முறை வேறு தொல்லை: தண்டில் திருகிய பல்சக்கரங்கள் எவ்வளவு இறுக்கினாலும் தளர்ந்துகொண்டே இருந்தன. சைக்கிள் கடைக்காரர்களான அந்தச் சகோதரர்கள் சைக்கிள் டயரை வளையத்தில் ஒட்டும் கெட்டிப் பசையை எடுத்து, உருக்கி மரைக்குள் ஊற்றித் திருகினார்கள். அதற்குப் பிறகு அவை அசையவில்லை.

ஒரு வாரம் கழித்து தண்டு ஒன்றில் முடியளவு விரிசல் தென்பட்டது. சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரயிலேறி டேட்டனுக்குப் போய், ஸ்பிரிங் எஃகில் புதிய தண்டுகள் செய்துகொண்டு டிசம்பர் 11இல் திரும்பினார். டிசம்பர் 17 அன்று 12 விநாடி, சுமார் 36 மீட்டர். என்ஜின் பூட்டிய விமானத்தில் மனிதன் கட்டுப்பாட்டோடு பறந்தது அதுவே முதல்முறை.

இறக்கையின் வளைவையும் திருப்பும் முறையையும் அவர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள் என்பது எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைத்து நிறுத்தப் பட்ட பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் போனது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. நூறாண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்றும் ஒரு மாணவர் தன் மாதிரி விமானத்தின் சிறு என்ஜினில் புரொப்பெல்லரை மாட்டும்போது அதே சிக்கலைத்தான், உள்ளங்கை அளவில், எதிர்கொள்கிறார்.

மாதிரி விமான உலகில் மிகப் பழகிய ஓர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ‘40’ என்று அழைக்கப்படும் இதன் கொள்ளளவு 0.40 கன அங்குலம், அதாவது 6.5 சி.சி. கைக்குள் அடங்கிவிடும். மெத்தனால்தான் இதன் முக்கிய எரிபொருள். மசகுக்காக விளக்கெண்ணெய் கலப்பது பழைய வழக்கம், இன்றும் பலர் விடவில்லை. தீப்பொறி கிடையாது. பிளாட்டினக் கம்பிச் சுருள் கொண்ட குளோ பிளக் ஒன்று செஞ்சூட்டில் இருக்கும். பிளாட்டினத்தைத் தொட்டதும் மெத்தனால் ஆவி வினைபுரிந்து அந்தச் சூட்டை அணையவிடாமல் காக்கும். அமெரிக்கர் ரே ஆர்டன் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தப் பிளக்தான் பேட்டரி, காயில், கண்டென்சர் என்ற சுமையெல்லாம் விமானத்தில் ஏறாமல் தடுத்தது. இந்த என்ஜின் ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன் தரும். அதற்கு வழக்கமாகப் பொருத்துவது ‘10க்கு 6’ புரொப்பெல்லர்.

இந்த இரண்டு எண்களில் முதலாவது விட்டம், 10 அங்குலம். இரண்டாவது பிட்ச், 6 அங்குலம். மரத்தில் ஸ்குரூ ஏறுவதுபோல, காற்று நழுவாமல் இருந்தால் ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் 6 அங்குலம் முன்னேறும். காற்று நழுவும், ஆகவே உண்மையில் அதைவிடக் குறைவாகவே முன்னேறும். ஆனாலும் கணக்கிட அது நல்ல அளவுகோல். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் விநாடிக்கு 200. ஆறு அங்குலத்தை 200ஆல் பெருக்கினால் விநாடிக்கு சுமார் 30 மீட்டர், மணிக்கு 110 கிலோமீட்டர். அதே நேரத்தில் றெக்கையின் நுனி மணிக்கு 575 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கிறது.

மின்விசிறியின் தகட்டைத் தமிழில் றெக்கை என்றே சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் அறிவியலைக் கண்டறியத்தான் ரைட் சகோதரர்கள் மாதக்கணக்கில் ஒருவரோடொருவர் வாதாடினார்கள். கப்பல் புரொப்பெல்லரின் கணக்குகள் அவர்களுக்கு உதவவில்லை. புரொப்பெல்லர் என்பது சுழலும் இறக்கை என்ற முடிவுக்கு வந்த பிறகே அவர்களால் அதை வடிவமைக்க முடிந்தது. ஸ்புரூஸ் மரப் பலகைகளை ஒட்டிச் செதுக்கிய, 2.6 மீட்டர் நீளமுள்ள அந்தப் புரொப்பெல்லர்கள் என்ஜின் தந்த ஆற்றலில் முக்கால் பங்கை உந்துவிசையாக மாற்றின. மாதிரி விமானப் புரொப்பெல்லரை உற்றுப் பார்த்தால் அதே இறக்கை தெரியும்: ஒருபுறம் மேடாக வளைந்தும் மறுபுறம் தட்டையாகவும் இருக்கும், ஒரு விளிம்பு தடித்து உருண்டிருக்கும், மறுவிளிம்பு மெலிந்திருக்கும். நடுவில் செங்குத்தாக நிமிர்ந்த றெக்கை நுனிக்குப் போகப் போகப் படுத்துவிடும். 10க்கு 6 புரொப்பெல்லரில் நடுவிலிருந்து கால் பங்கு தூரத்தில் ஏறத்தாழ 37 பாகைச் சாய்வு, நுனியில் 11 பாகை மட்டுமே. நடுப்பகுதி மெதுவாகவும் நுனி வேகமாகவும் சுற்றினாலும், எல்லா இடமும் சுற்றுக்கு அதே ஆறு அங்குலம் முன்னேறவேண்டும் அல்லவா, அதற்கான முறுக்கு இது.

இனி விசைக்கு வருவோம். கண்ணாடி இழை கலந்த நைலான் புரொப்பெல்லரில் ஒரு றெக்கையின் எடையைச் சுமார் 10 கிராம் என்று கொள்ளலாம். அதன் எடை மையம் தண்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்தால், விநாடிக்கு 200 சுற்றில் அந்தப் பத்து கிராம் வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். வளர்ந்த ஓர் ஆள் அந்தச் சிறு றெக்கையைப் பிடித்துத் தொங்குகிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். இப்புறம் ஒருவர், அப்புறம் ஒருவர். இரு இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தண்டுக்கு அது தெரிவதில்லை. ஈடு குலைந்தால்தான் தெரியும். ஒரு றெக்கையில், நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், 16 கிலோ எடைக்குச் சமமான உதறல் விசை விநாடிக்கு 200 முறை தண்டைச் சுற்றிச் சுழன்றபடி இருக்கும். என்ஜின் மவுண்டின் திருகுகள் தளரும், எரிபொருள் நுரைக்கும், ரேடியோ ரிசீவரின் இணைப்புகள் ஆடும்.

இவ்வளவு விசைக்கு நடுவே புரொப்பெல்லரை எது பிடித்து வைத்திருக்கிறது? பெரும்பாலான சிறு என்ஜின்களில் சாவியோ ஊசியோ கிடையாது. தண்டின் பின்பக்கம் டிரைவ் வாஷர் என்ற தட்டு இருக்கும். அதன் முகத்தில் நுண்ணிய பற்கள் வெட்டியிருப்பார்கள். முன்பக்கம் ஒரு வாஷர், ஒரு நட்டு. இவற்றுக்கு நடுவே நசுங்கி நிற்பதால் வரும் உராய்வு ஒன்றுதான் புரொப்பெல்லரின் பிடி. என்ஜின் உண்டாக்கும் ஒரு குதிரைத்திறன் முழுவதும் அந்த உராய்வின் வழியாகத்தான் காற்றுக்குப் போகிறது.

இந்த இடத்தில் திசை முக்கியம். விமானத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வழக்கமான என்ஜின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நட்டின் மரையோ சாதாரண வலது மரை, கடிகாரத் திசையில் திருகினால் இறுகும். என்ஜின் தண்டைத் தள்ளுகிறது, காற்று புரொப்பெல்லரைத் தடுக்கிறது. புரொப்பெல்லர் கொஞ்சம் நழுவினாலும் தண்டைவிடப் பின்தங்கித்தான் நழுவும். அப்படிப் பின்தங்குவது கடிகாரத் திசை என்பதால், நட்டையும் இறுகும் பக்கமாகவே இழுத்துச் செல்லும். ஓடும் என்ஜின் தன் நட்டைத் தானே இறுக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. கேட்க நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் என்ஜின் ஒரே சீராகத் தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழிறங்கும் அந்த நொடித் துணுக்கில் மட்டும்தான் அது புரொப்பெல்லரைத் தள்ளுகிறது. மீதிச் சுற்றில் புரொப்பெல்லர்தான் கனசக்கரமாக இருந்து, பிஸ்டனை மறுபடி மேலேற்றி, கம்ப்ரஷனைத் தாண்டவைக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்குள்ளேயே முதலில் தண்டு புரொப்பெல்லரை இழுக்கிறது, பிறகு புரொப்பெல்லர் தண்டை இழுக்கிறது. விநாடிக்கு 200 முறை இந்த இழுபறி நடக்கும். எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தாலோ, என்ஜின் மிதமிஞ்சிச் சூடேறினாலோ, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே கலவை வெடித்துவிடும். அப்போது தண்டு சட்டென்று நிற்கும் அல்லது பின்னோக்கி உதைக்கும். புரொப்பெல்லரோ தன் வேகத்தில் முன்னே ஓடப் பார்க்கும். இப்போது இழுப்பின் திசை தலைகீழ். நட்டு தளரும். பிடி போதாமல் இருந்தால் புரொப்பெல்லரும் நட்டும் வாஷரும் ஒன்றாகக் கழன்று முன்னால் பாயும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வெடிக்கும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களில் ஒவ்வொரு வெடிப்பும் வலுவானது, இடையில் வரும் தொய்வும் நீளமானது. அவற்றுக்கு முதல் நட்டின் மேல் பூட்டு நட்டு ஒன்றையும் சேர்த்தே தருவது அதனால்தான். கில் டெவில் ஹில்ஸில் பல்சக்கரங்களைத் தளர்த்தியதும் சீரற்று உதறிய என்ஜின்தான்.

இன்று கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் பறக்கும் டிரோன்களிலும் இந்தக் கணக்கு உண்டு. நான்கு மோட்டார்களில் இரண்டு ஒரு திசையிலும் இரண்டு எதிர்த்திசையிலும் சுற்றும். டிஜேஐ நிறுவனத்தின் ஃபேன்டம் 2 போன்றவற்றில் புரொப்பெல்லர்களை நேராகத் தண்டில் திருகிவிடும்படி அமைத்திருந்தார்கள். ஒரு ஜோடிக்கு வலது மரை, மறு ஜோடிக்கு இடது மரை. சுழற்சியே இறுக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

துளையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. 40 என்ஜினின் தண்டு கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். வாங்கிய புரொப்பெல்லரின் துளை அதைவிடச் சிறியதாக இருந்தால் கையில் கிடைக்கும் டிரில்லைப் பிடித்துத் துளைப்பது பலரின் வழக்கம். டிரில் முனை மென்மையான பக்கம் ஓடும், துளை நகர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். 22 கிராம் புரொப்பெல்லர் முழுவதும் அரை மில்லிமீட்டர் தள்ளிச் சுற்றினால், 12,000 சுற்றில் அது ஒன்றே முக்கால் கிலோ உதறல். படிப்படியாக அகலும் ரீமர் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. ஏற்கெனவே உள்ள துளையை வழியாகக் கொண்டு, கையால் மெல்லச் சுற்றி, நடுவை விட்டு விலகாமல் அகலப்படுத்தும். துளை பெரிதாகிவிட்டால் உள்ளே சரியான வளையம் செருக வேண்டும். தாளைச் சுற்றியோ டேப்பை ஒட்டியோ ஈடுகட்டினால், சூட்டிலும் எண்ணெயிலும் அது நசுங்கி வழிந்துவிடும்.

துளை சரியானதும் தராசு. இரு காந்தங்களுக்கு நடுவே உராய்வு ஏறக்குறைய இல்லாமல் மிதக்கும் அச்சில் புரொப்பெல்லரைக் கோத்து விட்டால் கனமான றெக்கை மெல்லக் கீழிறங்கும். மரப் புரொப்பெல்லர் என்றால் கனமான பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் இழைக்கலாம், அல்லது லேசான பக்கத்தில் ஒரு பூச்சு வார்னிஷ் ஏற்றலாம். நைலான் என்றால் கனமான றெக்கையின் பின்முகத்தை மட்டும் சுரண்டுவார்கள். முன்விளிம்பையும் நுனியையும் தொடமாட்டார்கள். றெக்கைகளைக் கிடையாக விட்டால் அப்படியே நின்றால் மட்டும் போதாது, செங்குத்தாக நிறுத்தினாலும் நிற்க வேண்டும். செங்குத்தில் நிற்காமல் சாய்ந்தால் கனம் றெக்கையில் இல்லை, நடுக்குமிழின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. புத்தம்புதியதுதானே என்று இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் பலர். ஐந்து நிமிட வேலை இது, ஓர் என்ஜினின் பேரிங்கைக் காக்கும் வேலை.

இனி எந்தப் பக்கம் முன்னால்? மேடாக வளைந்த முகம் முன்னால், அதாவது விமானம் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அளவு எண்களைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அந்த முகத்தில்தான் அச்சிடுகிறார்கள். திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? புரொப்பெல்லர் விமானத்தைப் பின்னால் தள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். தள்ளாது. வலம்புரிச் சங்கை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அது இடம்புரி ஆகிவிடாது. நட்டைப் புரட்டிப் போட்டாலும் அதே திசையில்தான் ஏறும். முறுக்கின் புரி, பொருளைப் புரட்டுவதால் மாறுவதில்லை. ஆகவே திருப்பி மாட்டிய புரொப்பெல்லரும் காற்றைப் பின்னோக்கித்தான் தள்ளும், விமானத்தை முன்னேதான் இழுக்கும். ஆனால் இறக்கையைக் கவிழ்த்து, மெலிந்த விளிம்பை முன்னே விட்டுப் பறப்பதற்குச் சமம் அது. இழுவிசை வெகுவாகக் குறைந்துவிடும். இந்தத் தவறின் ஆபத்தே அது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். என்ஜின் ஓடுகிறது, காற்று வருகிறது, விமானம் மட்டும் எழுவதில்லை. பழியை என்ஜின் மேல் போட்டு, எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் ஊசியைத் திருகித் திருகிக் கலவையை மெலியவைத்து, கடைசியில் நல்ல என்ஜினைச் சூட்டில் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மாட்டும்போது இன்னொரு நுட்பமும் உண்டு. தண்டைச் சுற்றி, பிஸ்டன் கம்ப்ரஷனைத் தொடத் தொடங்கும் இடத்தை விரலில் உணர்ந்து அங்கே நிறுத்த வேண்டும். அந்த நிலையில் புரொப்பெல்லர் ஏறத்தாழக் கிடையாக, முன்னிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்க றெக்கை சற்று மேலே தூக்கியிருக்குமாறு வைத்து நட்டை இறுக்குகிறார்கள். சுண்டிக் கிளப்பக் கைக்கு வாகான கோணம் அது. எரிபொருள் தீர்ந்து நிற்கும் என்ஜின் பெரும்பாலும் கம்ப்ரஷனில் முட்டியே நிற்கும்; அப்போதும் புரொப்பெல்லர் கிடையாக இருந்தால் வயிறு தரையில் உரச இறங்கும் விமானம் தன் றெக்கையை ஒடித்துக்கொள்ளாது.

இறுக்குவதற்கு நட்டின் அளவுக்குச் சரியான ஸ்பேனர் வேண்டும். கொறடு நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும், போதிய இறுக்கமும் தராது. பீச், மேப்பிள் போன்ற மரங்களில் செய்த புரொப்பெல்லர்களில் கூடுதல் கவனம் தேவை. டிரைவ் வாஷரின் பற்கள் மரத்தில் மெல்லப் பதியும், பதியப் பதிய நட்டின் பிடி குறையும். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்ட நாளில் சுருங்கும். நேற்று இறுக்கமாக இருந்த நட்டு இன்று இருக்கவேண்டும் என்பதில்லை. மனிதர் ஏறும் விமானங்களிலும் மரப் புரொப்பெல்லரின் போல்ட்டுகளைக் குறித்த இடைவெளியில் சோதித்து இறுக்குவது விதி. அதற்காக மரம் நசுங்க முறுக்குவதும் தவறு, நசுங்கிய இழை பிடியைத் தராது. நைலானுக்கு வேறு குணம். நெடுநாள் காய்ந்து கிடந்த நைலான் நொறுங்கும் தன்மை பெறும், அதை வெந்நீரில் போட்டு ஈரம் ஏற்றினால் மறுபடி வலுவாகும்.

கீறல் விழுந்த புரொப்பெல்லரைப் பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்துவதைப் பற்றி ஒரே வார்த்தைதான்: கூடாது. 1908 செப்டம்பர் 17 அன்று ஃபோர்ட் மயரில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில், பறக்கும்போதே ஒரு றெக்கை நெடுக்காகப் பிளந்தது. இரு றெக்கைகளின் ஈடு குலைந்து உதறல் எழுந்தது. உதறலில் தண்டின் தாங்கி தளர்ந்து, புரொப்பெல்லர் ஓர் இழுகம்பியில் மோதியது. விமானம் கீழே விழுந்து, கூட அமர்ந்திருந்த லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். இயந்திர விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர்.

மாதிரி விமானத்தில் யாரும் ஏறுவதில்லை, ஆனால் அருகில் ஆட்கள் நிற்கிறார்கள். 1936இல் தொடங்கிய அமெரிக்க மாதிரி விமானக் கழகம் உலோக றெக்கைகளைத் தன் பாதுகாப்பு விதியில் தடைசெய்திருக்கிறது. இந்தியாவில் என்.சி.சி.யின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் கற்கும் மாணவர்களும், வேறெங்கும் இதில் இறங்கும் இளையோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று: சுழலும் வட்டத்தின் தளத்தில், அதாவது றெக்கை பிய்ந்தால் பறக்கக்கூடிய பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. கலவை ஊசியைப் புரொப்பெல்லருக்குப் பின்னால் இருந்துகொண்டுதான் திருக வேண்டும். விரலால் சுண்டுவதற்குப் பதில் ரப்பர் உறையிட்ட குச்சியால் கிளப்புவதே நல்லது. சுழலும்போது கண்ணுக்கு வட்டம் தெரியும்படி நுனிகளில் வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும்.

சரியாக மாட்டிய புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் போகும்? 2003 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேப் ஸ்பியர் முனையிலிருந்து, மேனார்ட் ஹில் என்ற 77 வயது அமெரிக்கர் ஐந்து கிலோவுக்கும் குறைவான ஒரு மாதிரி விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிட்டார். அவருடைய கண்பார்வை அப்போது பெரிதும் மங்கியிருந்தது. முந்தைய முயற்சிகள் தோற்றுப்போயிருந்தன. பால்சா மரத்தில் செய்த, டாம்-5 என்ற அந்த விமானத்தில் ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனத்தின் பத்து சி.சி. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினை மாற்றியமைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒரு காலனுக்கும் குறைவான எரிபொருளோடு அது 38 மணி 52 நிமிடம் பறந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் அயர்லாந்துக் கடற்கரையில் ஆகஸ்ட் 11 அன்று இறங்கியது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும், அந்தப் புரொப்பெல்லர் கடலின் மேல் 70 லட்சம் முறை சுழன்றிருக்கிறது. இடையில் இறங்கி ஸ்பேனர் வைக்க வழியே கிடையாது.

தரையில் நிற்பவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. முதல் ஓட்டம் முடிந்து என்ஜின் ஆறியதும் நட்டில் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது இன்னும் சற்றுத் திரும்பும். அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு விமானத்தை எடுத்துப் போகும்போது, எரிபொருள் ஊற்றும் முன், இன்னொரு முறை பாருங்கள்.